ஷட்டர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் 'சானல்' என்றால் கால்வாய். 'சானல்கரை' என்று சொல்லித்தான் வழி காட்டுவோம். அப்படிப்பட்டவற்றில் ஒன்று நெய்யாறு இடதுகரைச் சானல். கரை அங்கங்கே பெயர்ந்து, உள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது எதற்காக வெட்டப்பட்டது என்று கதையாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்று பெயர். சானலில் வரத்து நின்ற வருடம் சென்னையிலிருந்து வந்திருந்த உறவினரிடம் பாட்டா, "வெள்ளம் நின்னு போச்சு" என்று வருத்தமாகச் சொல்ல, அவர் "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றார். அந்தக் குழப்பத்தை நினைத்து வீட்டில் வெகுநாள் சிரித்தோம். ஆனால் பாட்டா அன்று சொன்ன விஷயம், சிந்து நதிக்கரையிலும் நைல் நதிக்கரையிலும் நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் பாடம். இரண்டு மாநிலத் தகராறையும் இரண்டு நாட்டுத் தகராறையும் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்கலாம். மாநிலங்களுக்கு மேலே ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கிறது, நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் தகராறு பிறக்கிற விதம் ஒன்றுதான்.

நெய்யாறு திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த காலத்தில் தொடங்கியது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அப்போது ஒரே அரசின் கீழ் அடுத்தடுத்த தாலுகாக்கள். சானலுக்கு வரைபடம் போட்டவர்கள் சரிவைப் பார்த்தார்கள், வயலைப் பார்த்தார்கள். எல்லை என்று ஒன்று அங்கே வரப்போவதை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணையும் ஷட்டரும் அந்தப் பக்கம். சானலின் கடைமடையில் சுமார் 9,200 ஏக்கர் இந்தப் பக்கம். மொழிக்காக, சென்னை மாநிலத்தோடு சேர நடந்த போராட்டத்தின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மொழி பார்த்துப் போட்ட கோடு சரிவைப் பார்க்கவில்லை.

பிரிந்த பிறகும் பல பத்தாண்டுகள் வெள்ளம் வந்துகொண்டுதான் இருந்தது. 2004இல் கேரளம் நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்தின் வாதம் எளிமையானது: நெய்யாறு எங்கள் மலையில் பிறந்து எங்கள் கடலில் சேர்கிறது, இது மாநிலங்களுக்கு இடையிலான நதியே அல்ல. தமிழ்நாட்டின் வாதமும் எளிமையானதுதான்: திட்டம் இரண்டு தாலுகாவுக்கும் சேர்த்துப் போட்டது, கோடு பின்னால் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்ட் 31 தேதியிட்டது. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் அதே ஆகஸ்ட் 28 தேதியிட்டது. கோடு போடப் போகிறோம், அதனால் சண்டை வரும் என்பது டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. மூன்று நாள் முன்பாகவே மருந்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் புண்ணை உண்டாக்கினார்கள்.

1947இல் அந்த முன்யோசனைக்கு நேரம் இருக்கவில்லை. பஞ்சாபில் வெள்ளைக்காரர் காலத்துக் கால்வாய்கள் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. பிரிவினையின்போது எல்லை வகுத்த ராட்கிளிஃப் போட்ட கோடு அவற்றின் குறுக்கே போனது. ராவியில் மாதோபூர், சட்லஜில் ஃபிரோஸ்பூர் ஆகிய தலைமதகுகள் இந்தியாவில் விழுந்தன. அவை நனைத்த வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தானில். பழைய நிலை தொடரட்டும் என்று போட்ட தற்காலிக ஏற்பாடு 1948 மார்ச் 31இல் முடிந்தது. மறுநாள், ஏப்ரல் 1, கிழக்குப் பஞ்சாப் மதகுகளை மூடியது. மே 4ஆம் தேதி டெல்லியில் ஓர் ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. அந்த ஏப்ரலில் பாகிஸ்தானுக்குப் பதிந்துபோன பயம் இன்றுவரை போகவில்லை. விதைத்து முடித்த வயலுக்கு முன்னால் சானல் வறண்டு நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தத் தகராறுகள் பலவற்றையும் அடுக்கிப் பார்த்தால் பொதுவாக ஒன்று தெரிகிறது. வெட்டியபோது ஒரே கையில் இருந்த கால்வாய், பின்னால் வந்த எல்லையால் இரண்டு கைக்குப் போகிறது. அல்லது கடைமடையில் இருப்பவர் தலைமுறைகளாகப் பயன்படுத்திவந்த ஆற்றில், தலைமடையில் இருப்பவர் தாமதமாக விழித்துக்கொண்டு அணை கட்டுகிறார். முதல் வகைக்குச் சிந்துவும் நெய்யாறும். இரண்டாவதுக்கு நைல்.

நைல் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1959இல் எகிப்தும் சூடானும் உட்கார்ந்து ஆற்றைப் பங்கு போட்டன. எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. மீதியை ஆவியாகப் போவது என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். நைல் நீரில் எண்பது சதவீதத்துக்கு மேல் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது. அந்த எத்தியோப்பியாவை அன்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதவர் 2011இல் நீல நைலில் பெரிய அணை கட்டத் தொடங்கினார். 2020இல் ஒப்பந்தம் இல்லாமலேயே நிரப்பத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்தும் வைத்துவிட்டார். அணையின் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். 1959இல் இருவரும் பிரித்துக்கொண்ட மொத்தமும் 7,400 கோடிதான். தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது கெய்ரோவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, தண்ணீர் குறைந்தால் சண்டை வந்துதான் ஆகுமா? நீரியல்காரர்கள் ஒரு நாட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே போனால் பஞ்சம் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு 2021க்கான மதிப்பீடு சுமார் 1,486. ஜோர்டானுக்கு நூறுக்கும் கீழே. குறைவுதான் போரைக் கொண்டுவரும் என்றால் ஜோர்டான் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. வெளியே போர்நிலை இருந்த காலத்திலேயே இஸ்ரேல், ஜோர்டான் நீர் அதிகாரிகள் ஆற்றங்கரையில் மேசை போட்டு ரகசியமாகச் சந்தித்து இந்த வாரம் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1994 சமாதான உடன்படிக்கையில் தண்ணீருக்கென்று தனிப் பகுதியே வைத்தார்கள். தண்ணீர் பற்றி நாடுகள் மோதிக்கொண்டதையும் பேசித் தீர்த்ததையும் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆரோன் உல்ஃப் குழு எண்ணிப் பார்த்தபோது, பேசித் தீர்த்தவை கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு.

ஜோர்டான் தாக்குப்பிடிப்பதற்கு இன்னொரு காரணம் அரிசி மூட்டையிலும் கோதுமை மூட்டையிலும் இருக்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெளியிலிருந்து தானியம் வாங்கும் நாடு, அத்தனை தண்ணீரையும் குழாய் போடாமலே வாங்கிவிடுகிறது. இது மேற்காசியாவுக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. திருவிதாங்கூர் அதைப் பல காலம் செய்தது. நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியிருந்தாலும், சமஸ்தானத்தின் வயிறு பர்மா அரிசியை நம்பித்தான் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் அன்று உயிரைப் பிடித்து வைத்தது. கிழங்கும் மீனும் இங்கே விருந்தாக மாறியதற்குப் பின்னால் அந்தப் பட்டினியும் இருக்கிறது. அப்புறம் வந்த ஆண்டுகளில்தான் பெருஞ்சாணி அணை எழுந்ததும் நெய்யாறு திட்டம் வந்ததும். வெளியூர் அரிசி நிற்கிறபோது அரசுகளுக்கு உள்ளூர் ஆறு ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்ததும் அணை கட்டுகிறார்கள். அணை கட்டினால் கீழே இருப்பவரோடு தகராறு.

குறைவைவிட ஆபத்தானது, எப்போது குறையும் என்று தெரியாமல் இருப்பது. எங்கள் மாவட்டத்து விவசாயி காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அணை நிலவரம். பேச்சிப்பாறை 48 அடியில் இன்று எத்தனை, பெருஞ்சாணி 77 அடியில் எத்தனை. ஜூன் 1ஆம் தேதி அணை திறப்பார்கள் என்ற நம்பிக்கையில் முதல் போகமான கன்னிப்பூவுக்கு நாற்று விடுவார். நீர்மட்டம் மோசமாக இருந்தால் அந்தப் பூவை விட்டுவிட்டு அடுத்த போகமான கும்பப்பூவுக்குக் காத்திருப்பார், இல்லையென்றால் வாழை வைப்பார். கெட்ட செய்தியைக்கூட அவரால் சமாளிக்க முடியும். நாற்று நட்ட பிறகு நாளை மதகு திறக்குமா மூடுமா என்று தெரியாத நிலையைத்தான் சமாளிக்க முடியாது.

இதை வைத்து 2025ஐப் பார்க்கலாம். 1960 செப்டம்பர் 19ஆம் தேதி கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நீர் ஒப்பந்தம், ஆறுகளின் தண்ணீரைப் பங்கு போடவில்லை, ஆறுகளையே பாகம் பிரித்தது. ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. மாற்றுக் கால்வாய்கள் கட்டிக்கொள்ள இந்தியா 6.2 கோடி பவுண்டுக்கு மேல் பத்துத் தவணையில் கொடுத்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒத்துவரவில்லை என்று அடுப்பைப் பிரித்த மாதிரிதான். அழகான தீர்வு இல்லை, ஆனால் 1965, 1971, 1999 என்று எல்லாச் சண்டைகளையும் தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலுக்கு அடுத்த நாள், 2025 ஏப்ரல் 23, இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. தொலைக்காட்சிகளில் ஆற்றையே நிறுத்திவிட்டதாகப் பேசினார்கள். மேற்கு ஆறுகளைத் தேக்கிவைக்கும் அளவுக்குப் பெரிய அணை இந்தியாவிடம் இல்லை. உடனடியாக நின்றது தகவல்: எவ்வளவு வருகிறது, எப்போது திறக்கிறோம் என்ற கணக்கு. கீழே இருப்பவருக்கு அணை நிலவரம் இல்லாத பேப்பர் வந்து விழுந்த மாதிரி. நிறுத்தியதன் அரசியல் நியாயத்தை ஆளுக்கொரு விதமாகப் பேசலாம். நீரியலாகப் பார்த்தால் அடி விழுந்த இடம் இதுதான்.

ஈரான், ஆப்கானிஸ்தான் இடையே ஹெல்மந்து ஆற்றிலும் அதே கதை. 1973 ஒப்பந்தப்படி சாதாரண ஆண்டில் ஈரானுக்கு வினாடிக்கு 26 கன மீட்டர் வர வேண்டும். வரவில்லை என்கிறது ஈரான். மழையே இல்லை, எங்கே விடுவது என்கிறார்கள் தாலிபான்கள். மேலே வந்து அளந்து பார்க்க விடுங்கள் என்று ஈரான் கேட்டுக்கொண்டே இருந்தது. 2023 மே மாதம் எல்லைக் காவலர்கள் சுட்டுக்கொண்டு செத்தார்கள்.

கங்கை ஒப்பந்தம் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஃபராக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து வங்கதேசத்தோடு புகைச்சல். 1996 டிசம்பரில் முப்பது ஆண்டுக்கு எழுதினார்கள். ஜனவரி முதல் மே வரையிலான கோடைக்கு மட்டும், பத்துப் பத்து நாளாகக் கணக்கு. ஃபராக்காவில் வினாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் பாதிப் பாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000 போக மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேலே போனால் இந்தியாவுக்கு 40,000, மீதியெல்லாம் வங்கதேசத்துக்கு. குறைகிற காலத்துக்கே கணக்கு எழுதியதுதான் இதன் பலம். வரத்து ரொம்பவும் குறைந்துபோனால் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற உறுதி இதில் இல்லை என்பது பலவீனம். அதன் ஆயுள் 2026 டிசம்பர் வரை. தீஸ்தாவுக்கோ இப்படி ஒன்றுகூட இல்லை. 2011இல் பிரதமர் டாக்கா போகும் நேரத்தில் மேற்கு வங்க முதல்வர் மம்தா மறுத்தார், கையெழுத்தாகவில்லை. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை உள்ளே இருக்கும் மாநிலத் தேர்தல் தடுக்கிறது. அண்டை நாட்டுக்கு ஒரு சொட்டு கூடுதலாக விட்டவர் என்ற பெயரோடு ஓட்டுக் கேட்க எந்தத் தலைவருக்கும் துணிச்சல் கிடையாது.

தமிழர்களாகிய நாம் இந்த வரைபடத்தில் பெரும்பாலும் கடைமடைக்காரர்கள். காவிரியிலும் பாலாற்றிலும் அப்படித்தான். அதனால் மேலே இருப்பவன் எப்போதும் அநியாயக்காரன் என்று நமக்கு ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போனது நாகர்கோவிலில் ஒரு சாயாக் கடையில். நெய்யாற்றைப் பற்றி நான் சூடாகப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ராதாபுரத்துக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணாச்சி, கேரளாக்காரன் உங்களுக்குச் செய்யது அநியாயம்னா, நீங்க எங்களுக்குச் செய்யதுக்கு என்ன பேரு?" என்றார்.

விஷயம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்று இருக்கும், காற்றாலை இருக்கும், மழை இருக்காது. திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் பகுதியின் 52 குளங்களுக்கு எங்கள் கோதையாறு பாசனத்திலிருந்து தோவாளைச் சானல் வழியாக ராதாபுரம் கால்வாய் போகிறது. பேச்சிப்பாறை அணையில் குறையும்போதெல்லாம் எங்கள் விவசாயிகள், எங்கள் தேவை போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு என்கிறார்கள். அவர்கள், இது சலுகை இல்லை, உரிமை என்கிறார்கள். மனு, மறியல், வழக்கு எல்லாம் நடந்திருக்கின்றன. எங்கள் வாதத்தை எழுதிப் பார்த்தால் நெய்யாற்றில் கேரளம் சொல்வது அப்படியே வரும்: எங்கள் மலை, எங்கள் ஆறு, எங்களுக்குப் போகத்தான் உங்களுக்கு.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் நாஞ்சில் நாட்டின் நெல்லே இரவல் தண்ணீரில் விளைந்ததுதான். பறளியாறு தன்போக்கில் மேற்கே குழித்துறை ஆற்றில் போய்ச் சேர வேண்டியது. பாண்டியன் ஒருவன் பாறையைக் குடைந்து வெட்டியதாகச் சொல்லப்படும் பாண்டியன் கால் அதன் நீரைக் கிழக்கே பழையாற்றுக்குத் திருப்பியது. திருவிதாங்கூர் அரசு 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை வந்தபின் அந்தத் திருப்பல் இன்னும் பெரிதானது. அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறை இன்றும் அணைப் பக்கம் இருக்கிறது. மேற்கே போகவேண்டியதைக் கிழக்கே திருப்பி அனுபவித்தவர்களுக்கு, அதை இன்னும் கொஞ்சம் கிழக்கே விடும்போது மட்டும் வலிக்கிறது. அன்று சாயாக் கடையில் நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவருடைய சாயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

தண்ணீரை ஆயுதமாக எடுப்பவர்கள் எப்போதும் தண்ணீருக்காகத்தான் எடுக்கிறார்கள் என்றும் இல்லை. 2006 ஜூலையில் இலங்கையில் புலிகள் மாவிலாறு மதகை மூடினார்கள். கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குப் போகும் தண்ணீர் அது. இராணுவம் நகர்ந்தது, நாலாம் ஈழப்போர் தொடங்கியது. அந்த மதகு திறந்தே இருந்திருந்தாலும் போர் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போர்நிறுத்தம் ஏற்கெனவே நைந்து போயிருந்தது. சிரியாவில் 2006க்குப் பின் வந்த கொடும் வறட்சியைப் பற்றியும் அப்படித்தான் சொல்ல வேண்டும். வறட்சி மட்டும் ஆட்சியை ஆட்டவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து டீசல் மானியத்தை வெட்டிய அரசும், பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த விவசாயிகளைக் கண்டுகொள்ளாத அரசும் சேர்ந்து ஆட்டின.

நல்ல உதாரணம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. செனகல் ஆற்றுக்கு மாலி, மொரிட்டேனியா, செனகல் மூன்றும் 1972இல் ஒரு பொது அமைப்பு உண்டாக்கின. மனந்தாலி அணை மாலி மண்ணில் நிற்கிறது, ஆனால் மூன்றுக்கும் பொதுச்சொத்து. கடனும் பொது, மின்சாரமும் பொது. 1989இல் செனகலும் மொரிட்டேனியாவும் மோதி, ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். அப்போதும் அந்த அமைப்பு உடையவில்லை. நம் பக்கம் இதற்கு நெருக்கமாக இருப்பது முல்லைப் பெரியாறு: அணை கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு, 1886இல் எழுதிய 999 ஆண்டுக் குத்தகை. ஆனால் அங்கே சொத்து பொது அல்ல. ஒருவருக்குத் தண்ணீர், இன்னொருவருக்கு அணை உடையுமோ என்ற பயம். பலனையும் பயத்தையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் 999 ஆண்டுப் பத்திரமும் போதாது.

நெய்யாற்றுக்கு வருவோம். கடைசியாக அதற்காகப் பெரிய கூட்டம் எப்போது கூடியது என்று யோசித்துப் பார்க்கிறேன். வழக்கு இருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததால் அல்ல. ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளில் முதலில் வாழை வந்தது, அப்புறம் தென்னை, மேட்டில் ரப்பர். ரோட்டோரமாக இருந்தவை வீட்டு மனையாகின. அரிசி கடையில் கிடைக்கிறது, வெளியூர் ஆறுகளில் விளைந்து மூட்டையாக வருகிறது. நெல் போட்டவர்கள்தான் சானலுக்காகச் சத்தம் போட்டவர்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லையில் அமைதி நிலவுவது போலத் தெரியும். நாளைக்கே தீர்ப்பு வந்து ஷட்டரைத் தூக்கினாலும், முதலில் சானலில் மண் வார வேண்டும். அதற்கு அப்புறம் வெள்ளத்தை எங்கே திருப்பிவிடுவது என்று கேட்டால், எங்கள் ஊரில் கைகாட்ட இரண்டு ஏலாதான் மிச்சம்.